சூடம் பட்ட இறக்கை

காலை ஏழு மணி பத்து நிமிடம். லாரிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, பளபளக்கும் சிவப்பு இறக்கையின் மேல் மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம். இரண்டும் இன்னும் காயவில்லை.

அது ஒரு விமானத்தின் இறக்கை. நான் இரண்டு கைகளையும் விரித்தாலும் எட்டாத நீளம். முன்னால் நிஜமான சின்ன எஞ்சின். தரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியால் ஓட்ட வேண்டிய மாதிரி விமானம். எஸ்டேட் லாரியின் மூக்குக்கு நேர் கீழே கோணிச்சாக்கு விரித்து, அப்பா அதை நிறுத்தியிருந்தார். லாரிக்குச் சாமந்தி மாலை. விமானத்துக்கு, எஞ்சின் விசிறியைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை.

அன்று ஆயுத பூசை. டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் கொட்டகைக்குள் இருக்கும் எதுவும் பொட்டில்லாமல் தப்ப முடியாது. ஸ்பானர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் கம்பி எல்லாம் வரிசையாகக் குளித்துவிட்டு வாழையிலையில் படுத்திருக்கும். ஒரு வருடம் தபால் கொண்டுவந்த மலாய்க்காரப் பெரியவரின் மோட்டார் சைக்கிள் பொட்டோடு திரும்பிப் போனது. அவர் சிரித்துக்கொண்டே பொரி பொட்டலத்தையும் வாங்கிப் போனார்.

ஆனால் இந்த விமானம் எங்களுடையது அல்ல. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மகளுடையது. டிரஸ்ஸர்தான் எங்களுக்கு மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவருடைய காரில் அந்த இறக்கை நுழையாது என்பதால், சாயங்காலம் லாரியில் பாடாங் திடலுக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடலாம் என்று முந்தின நாளே எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேதக்காரங்க பொருளுங்க," என்றார் அம்மா, பொரித் தட்டோடு நின்றபடி. "கேக்காம பொட்டு வெச்சிட்டீங்க. டிரஸ்ஸரய்யா என்னா நெனப்பாரு?"

"கேட்டா வேணாம்பாரு. அதான் கேக்கல." அப்பா சக்கரங்களுக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். "மொத மொதல்ல மேல ஏறப்போற வண்டிலா இது. ரோட்டுல கவுந்தா தூக்கி நிறுத்திரலாம். மேலேருந்து விழுந்தா?"

அம்மா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான் பேசினார். "பழம் சக்கரத்தவிட பெருசா இருக்கு."

இருந்தது. பாறை ஏறப்போகும் வண்டி மாதிரி விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா கொல்லைக்கு ஓடிப்போய், கோலிக்குண்டு அளவில் கஸ்தூரி எலுமிச்சைக் காய்களைப் பறித்து வந்தார். அப்பா விமானத்தைத் தள்ளினார். காய் நசுங்கவில்லை. விமானத்துக்கு அவ்வளவு கனம் கிடையாது. காய்கள் உருண்டு லாரியடியில் ஓடின. அப்பா ஒன்றைப் பிடித்துச் சக்கரத்தடியில் வைத்து, மேலிருந்து கட்டை விரலால் அழுத்தினார். நசுங்கியது. "இப்ப சரி," என்றார்.

பிறகு சூடம். லாரியைச் சுற்றிக் காட்டினார், விமானத்துக்கும் காட்டினார். அடுத்தது பூசணிக்காய். அதற்கு இரண்டு கையும் வேண்டும். எரிகிற சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பூசணியைத் தூக்கிக்கொண்டு லாரியைச் சுற்ற ஆரம்பித்தார்.

நான் உருண்டுபோன காய்களைப் பொறுக்கக் குனிந்தேன். அப்போதுதான் தட்டு இடது இறக்கைக்கு நேர் கீழே இருந்தது தெரிந்தது.

இறக்கையின் அடிப்பக்கத் தோல் முதலில் இன்னும் மினுமினுப்பாக இறுகியது. அழகாகவே இருந்தது. அடுத்து, உள்ளே மரப்பலகை இருந்த முன்விளிம்பு முழுக்கக் கொப்புளங்கள் எழுந்தன, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. தீக்கு நேர் மேலே ஒரு துளை திறந்து, ஓரம் சுருண்டு, பெரிதானது.

"அப்பா! வெந்துபோச்சு!"

வெளியே பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டது. அம்மா தட்டைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கே சுட்டது என்று. நான் இறக்கையைக் காட்டினேன். கொட்டகை முழுக்கப் பொரி.

அந்த இறக்கைக்கு அக்கா தோல் போட்டதை ஆகஸ்ட் விடுமுறையில் முழுக்கக் கூட இருந்து பார்த்தவள் நான். டிரஸ்ஸரின் மகளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. அந்த வருடம்தான் விடுதியோடு சேர்ந்த பள்ளியில் படிக்கப் போயிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பால்சா மரத்தில் எலும்புக்கூட்டை ஒட்டி முடித்து, அதன் மேல் சிவப்புப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். தாளின் அடியில் பசை. மிதமான சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடுதல் சூட்டில் சுருங்கி இறுகும். அதற்கு மேல் போனால் கெட்டுவிடும். "மூணும் பக்கத்துப் பக்கத்து வீடு," என்பாள். டெட்டால் வாசனைக்கு நடுவே அந்தத் தாளின் புது வாசனை. என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வாள், உடனே விரட்டுவாள்: "கை வேர்க்குது பாப்பா, தொடச்சிட்டு வா."

தாள் இறுகிய அன்று, விரலால் சுண்டினாள். டொப்பென்று ஒரு சத்தம். நானும் சுண்டினேன். காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து வந்து சுண்டிப் பார்த்தார்கள்.

எஞ்சின் வந்து சேர்வதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. இப்போது ஆயுத பூசையை ஒட்டிய சனி, ஞாயிறுக்கு மட்டும் வந்திருந்தாள். ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். அடுத்து வருவது வருடக் கடைசியில். அப்போது மழைக்காலம், பாடாங் சேறாகிவிடும். முதல் பறப்பு அவள் கையால்தான் என்று டிரஸ்ஸர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, இந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அல்லது அடுத்த வருடம்.

இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

சட்டைக்கு வேலை செய்வது இதற்கும் செய்யும் என்று நினைத்தார். காக்கிக் கால்சட்டைக்கு வைக்கிற சூட்டை வைத்து, கொப்புளங்களின் மேல் நேராக இழுத்தார். எல்லாம் மறைந்தன. அப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளங்கள் திரும்ப எழுந்தன, முன்னைவிடப் பெரிதாக. மறுபடி இழுத்தார். இந்த முறை பலகை இல்லாத இடங்களில் எலும்பிலிருந்து தோல் கழன்று தொய்ந்தது. இறக்கையை மேசையில் படுக்கவைத்தபோது, இடது நுனியின் பின்பக்கம் மேசையில் படியவில்லை. அந்த இடைவெளியில் என் விரல் நுழைந்தது.

"முறுக்கிக்கிச்சு," என்றேன்.

"சும்மா இரு."

"தண்ணி தெளிங்க," என்றார் அம்மா. தெளித்துப் பார்த்தார்கள். ஈரமான கொப்புளங்கள்தான் கிடைத்தன.

அடுத்து அப்பா செய்ததைத்தான் இந்த வயதில் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். இறக்கையை விட்டுவிட்டார். ஈரத்துணி எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார், குங்குமத்தைத் துடைத்தார், மல்லிகையை அவிழ்த்தார், ஒட்டியிருந்த ஓர் இதழைக்கூட நகத்தால் எடுத்தார். எலுமிச்சைச் சாறு பட்ட சக்கரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கடைசியில் தன் வேட்டியை எடுத்து மேலே போர்த்தினார். "வெயிலு," என்று ஒத்திகை பார்த்தார். "தகரக் கூரை பாரு, அனலு." வெந்த இறக்கையைவிட, வேதக்காரர் பொருளில் பொட்டு வைத்ததுதான் பெரிய குற்றம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரி அரை நாள். பன்னிரண்டரைக்கு டிரஸ்ஸரின் கார் வந்தது. அக்கா கதவைத் திறந்தபடியே இறங்கி ஓடிவந்து வேட்டியைத் தூக்கினாள்.

இறக்கையைப் புரட்டினாள். நுனியில் கண்ணை வைத்து, துப்பாக்கியைக் குறிபார்ப்பது மாதிரி நீளவாட்டில் பார்த்தாள். விரலால் சுண்டினாள். ஈரச் சாக்கைத் தட்டிய சத்தம் வந்தது.

"வெயிலு, டிரஸ்ஸர்," என்றார் அப்பா. "தகரக் கூரைலா..."

டிரஸ்ஸர் குனிந்து, துளையின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். முகர்ந்தார். இறக்கைக்கும் அதன் அசையும் பின்தகட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நகத்தை விட்டு எடுத்தார். நகத்தில் குங்குமம்.

"டிரைவரே," என்றார். "வெயிலு சூடம் கொளுத்துமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா ஏறி எறங்கணும்னுதான்... தப்பா எடுத்துக்காதீங்கய்யா. ஒங்க சாமி வேற, எங்க சாமி வேறன்னு தெரியாம இல்ல..."

"அங்கிள்," என்றாள் அக்கா. "போன வாரமே எங்கப்பா இதக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் ஃபாதர்கிட்ட தீர்த்தம் தெளிச்சி வாங்கிட்டாரு. வால்ல ஒரு தடவ, மூக்குல ஒரு தடவ."

டிரஸ்ஸர் கூரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ பொட்டு...?" என்றார் அப்பா.

"பொட்டு பரவால்ல. இஸ்திரி போட்டது யாரு?"

எல்லோரும் அப்பாவின் கையில் ஏறியிருந்த சிவப்புச் சாயத்தைப் பார்த்தோம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒரே முறை. கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தாள். "காத்து அஞ்சு மணிக்குத்தான் அடங்கும். நாலுக்குக் கெளம்புனா போதும். அப்பா, ஊசி வேணும், மெல்லிசானது. ஆன்டி, அயர்ன். நைலான் சூடு போதும். பாப்பா, ஒன் ஸ்கூல் ஸ்டோக்கிங் ஒண்ணு, ஓட்ட இல்லாதது."

நான் ஓடினேன். என் வாழ்க்கையில் ஒரு காலுறைக்காக அப்படி ஓடியதில்லை.

காலுறையை இஸ்திரிப் பெட்டிக்கு மாட்டினாள். வெறும் இரும்பு தாளைக் கீறிவிடும். மிச்சமிருந்த துண்டுத் தாள் ஒன்றில் சூட்டைச் சோதித்தாள். ஒட்டியது, சுருங்கவில்லை. "இதான் மொத வீடு," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். டிரஸ்ஸர் கொதிக்கவைத்த ஊசிகளை எவர்சில்வர் டப்பாவோடு கொண்டுவந்தார். முதல் கொப்புளத்தின் மேல் ஊசியைச் சாய்த்துப் பிடித்து, பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

எஸ்டேட்டில் ஊசி போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது. நான் சிரித்தேன், அம்மா சிரித்தார், அப்பாகூடச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சாச்சிக் குத்துங்கப்பா. நேரா குத்துனா ஓட்ட தெரியும்."

அவர் குத்த, அவள் பெட்டியைக் கொப்புளத்தின் நடுவில் வைத்து ஓரத்துக்குத் தள்ளினாள். உள்ளே அடைபட்டிருந்த காற்று ஊசித்துளை வழியாக இஸ்ஸென்று போனது. பெட்டி நகர்ந்த மறுநொடி நான் மடித்த துணியால் அந்த இடத்தை அழுத்த வேண்டும், பசை ஆறும்வரை. "எடுக்காத, எடுக்காத... இப்ப எடு." எடுத்தேன். தட்டை! கொப்புளம் இருந்த இடமே தெரியவில்லை.

"அடுத்து!" என்று கத்தினேன்.

"அடுத்து!" என்றார் டிரஸ்ஸர், வரிசையில் நோயாளியைக் கூப்பிடுவது போல.

கொப்புளங்கள் தீர்ந்தன. தொய்ந்த இடங்களுக்கு, முதலில் எலும்போரமாகத் தோலைத் திரும்ப ஒட்டினாள். ஓரம் பிடித்த பிறகுதான் சூட்டைக் கொஞ்சம் கூட்டி, நடுவில் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினாள். சுருக்கங்கள் எங்கள் கண்ணெதிரே தண்ணீரில் கரைவதுபோல் ஓடி மறைந்தன. அம்மா "அலாமா!" என்றார். துளைக்கு ஒட்டுப் போடச் சிவப்புத் தாள் மிச்சமில்லை. மஞ்சள்தான் இருந்தது. மருந்துப் போத்தல் மூடியை வைத்து வட்டமாக வெட்டினாள். சதுரமாக வெட்டினால் காற்று மூலையைத்தான் முதலில் கிளப்பும். சிவப்பில் மஞ்சள் வட்டம் பளிச்சென்று உட்கார்ந்தது.

"பொட்டு வெச்சே தீரணும்னு இருக்கு," என்றார் அம்மா.

இனி முறுக்கு. அதற்கு அக்கா அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நீங்க பிடிங்க அங்கிள். நுனிய இந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வந்ததுக்கு அப்பறமும் இன்னும் கொஞ்சம்."

"ஒடஞ்சிரும் பாப்பா."

"ஒடயாது. திருப்புங்க."

ஏழு டன் லாரியின் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற கை, இறக்கை நுனியை முட்டையைப் பிடிப்பது மாதிரி பிடித்தது. அவர் திருப்பிப் பிடிக்க, அவள் மேலும் கீழுமாகச் சூடு காட்டினாள். ஆறும்வரை அவர் அப்படியே பிடித்திருந்தார். கையை விட்டதும் இறக்கை பழையபடி முறுக்கிக்கொண்டது. இரண்டாவது முறை பாதி நின்றது. மூன்றாவது முறை மேசையில் வைத்தபோது, என் விரல் நுழையவில்லை, நகம் மட்டும் நுழைந்தது.

"போதும்," என்றாள் அக்கா. "மிச்சத்த நான் மேல பாத்துக்கிறேன்."

டிரஸ்ஸர் அந்த நகத்தளவு இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அவ்வளவு மெதுவாக லாரி ஓட்டி நான் பார்த்ததில்லை. செம்பனைக் குலை ஏற்றிய மாட்டு வண்டிகூட எங்களை முந்தியிருக்கும். பின்னால் நானும் அக்காவும் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா முன்னால், சுண்டல் டின்னோடு. டிரஸ்ஸர் காரில் பின்னால் வந்தார். அணைக்கட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பாடாங்கில் இறங்கியபோது ஐந்தாகவில்லை. புல் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேகம் கருத்து நின்றது.

காத்திருந்தோம். புல் ஆடுவது குறைந்தது. நின்றது.

டிரஸ்ஸர் விசிறியைச் சுண்டினார். எஞ்சின் இருமியது. மறுபடி சுண்டினார். திடீரென்று பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் காதில் அல்ல, பல்லில் கேட்டது. எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் புகை. என் பாவாடை பின்னால் பறந்தது. நான் குதித்தேன், எதற்கென்று தெரியாமல்.

டிரஸ்ஸர் எழுந்து ரேடியோப் பெட்டிக்குக் கை நீட்டினார்.

"குடும்மா. மொத தடவ நான் ஏத்திக் குடுக்கிறேன்."

அக்கா பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "நான்தானப்பா? சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். இறக்க நல்லா இருந்தப்ப சொன்னேன். இது எடது பக்கம் இழுக்கும். பழைய பிளேனையே நீ செம்பனை மரத்துலதான் எறக்குன."

"இழுக்கும்னு எனக்குத் தெரியும். எவ்வளவுன்னும் தெரியும்."

"நாளைக்கு நீ போயிருவ. ஒடஞ்சிச்சின்னா..."

"ஓட்டாமலே நான் போனா மட்டும் என்ன?"

எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. மேகம் பாதித் தண்ணீரைக் கடந்திருந்தது. அப்பா, அன்று முழுவதும் டிரஸ்ஸரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர், இடையில் வந்து நின்றார்.

"ஐயா. இதக் கெடுத்தது நானு. நிமித்துனது அந்தப் புள்ள. ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எங்க எவ்ளோ முறுக்கு மிச்சம் இருக்குன்னு. அதுக்குத்தான் தெரியும். விடுங்கய்யா, ஓட்டட்டும்லா."

டிரஸ்ஸர் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. ஓடியது. சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"ஏறு!" என்று அப்பா கத்தினார். "ஏறு ஏறு ஏறு!"

ஏறியது. ஏறிய உடனே இடது இறக்கை தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அக்காவின் வலது கட்டை விரல் கொஞ்சமே கொஞ்சம் நகர்ந்ததைப் பார்த்தேன். இறக்கை நிமிர்ந்தது. சாய்வைச் சரிக்கட்ட, பெட்டியின் ஓரத்துச் சின்ன நெம்புகோலை இரண்டு முறை தட்டினாள். கட்டை விரலை எடுத்துவிட்டுக் காற்றில் விரித்துக் காட்டினாள். விமானம் தானாகவே நேராகப் போனது!

வளைத்துத் திருப்பினாள். எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது. சிவப்பு வயிறு, மஞ்சள் வட்டம். நான் அதன் கீழேயே ஓடினேன். எனக்குப் பின்னால் அப்பா ஓடிவந்தார், செருப்பு எங்கோ கழன்று கிடந்தது. இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டு, யாருக்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"கீழ எறக்கு, மழை வருது!" என்று அம்மா கத்தினார்.

"இன்னும் ஒரு சுத்து ஆன்டி!"

இன்னும் இரண்டு சுற்றினாள். முதல் தூறல் விழும்போது சத்தத்தைக் குறைத்து, நீளமாக, தாழ்வாகக் கொண்டுவந்தாள். சக்கரம் புல்லைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. மூக்குக் குப்புறச் சாய்ந்து நின்றது. விசிறியின் ஒரு முனை உடைந்திருந்தது. இறக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அம்மா சுண்டல் டின்னைத் திறந்து மழையிலேயே அள்ளிக் கொடுத்தார். ரேடியோப் பெட்டியை நனையாமல் அக்கா சட்டைக்குள் வைத்து, லாரியின் முன் இருக்கை வரைக்கும் அவளே தூக்கி வந்தாள்.

அன்று மாலை டிரஸ்ஸர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.